கருங்கல் சுவரும் தகரக் கூரையும் உள்ள வீட்டுக்கு வைஃபையா, ஜிக்பீயா, மேட்டரா?

இலங்கை மலைநாட்டின் அப்புத்தளையில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்களுடையது பழைய கருங்கல் வீடு. முன்பக்கம் நாங்கள் இருக்கிறோம், பின்னால் குசினி, பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தகரக் கூரை போட்டு இரண்டு அறைகள் கட்டியிருக்கிறோம். தண்ணீர்த் தாங்கி வீட்டுக்கு மேலே சரிவில் இருக்கிறது. விளக்குகள், கதவுகள், தாங்கியின் தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் கைபேசியில் பார்க்க ஆசை. கடையில் ஒருவர் வைஃபை வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் ஜிக்பீ என்கிறார், அண்ணனோ மேட்டர் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்கு என்கிறார். எதை வாங்குவது? மூடுபனி நாட்களில் இதெல்லாம் வேலை செய்யுமா?"

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் ஓடும் சின்னச் சாதனங்களுக்கும் விளக்குகளுக்கும் ஜிக்பீ என்ற, குறைந்த மின்சாரத்தில் பேசும் ரேடியோ வகையை வாங்குங்கள். கமரா, தொலைக்காட்சி போல நிறையத் தரவு இழுப்பவற்றுக்கு மட்டும் வைஃபையை வைத்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் வீட்டுக்குள் இருந்தே நடத்தும் ஒரு ஹப் கட்டாயம் வேண்டும். மேட்டர் என்ற பொது நெறிமுறை நல்லது, ஆனால் உங்கள் வீட்டில் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காரணங்களை விரிவாக எழுதுகிறேன். அவை தெரிந்திருந்தால், நாளைக்குக் கடைக்காரர் புதிதாக ஒன்றை நீட்டும்போது நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

மூடுபனியைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் சிக்னல் குறைந்தால் பழி பனிமூட்டத்தின் மீதுதான் விழுகிறது. வைஃபையும் ஜிக்பீயும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். மூடுபனித் துளியின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவுதான். அவ்வளவு சிறிய துளிகளால் அந்த அலையை ஒன்றும் செய்ய முடியாது. கொட்டும் மழையில்கூட இந்த அதிர்வெண்ணில் ஒரு கிலோமீட்டருக்கு ஏற்படும் இழப்பு மிகச் சொற்பம்; ஒரு வீட்டு வளவுக்குள் அது கணக்கிலேயே வராது. உங்கள் வீட்டில் சிக்னலைத் தின்பது ஒன்றரை அடிக் கருங்கல் சுவரும் தகரமும்தான். மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் குடித்தால் இழப்பு இன்னும் கூடும். தகரம் அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். சரிவை வெட்டிக் கட்டிய வீடாக இருந்தால், பின்னறையின் ஒரு பக்கம் முழுவதும் மண். அதற்கு அப்பால் எந்த ரேடியோவும் போகாது. மலைநாட்டு வீடுகளில் அலை பெரும்பாலும் கதவு, ஜன்னல், இஸ்தோப்பு வழியாகத்தான் அறைக்கு அறை நுழைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

வைஃபை 1997இல் வெளிவந்த 802.11 என்ற தரத்தில் இருந்து வளர்ந்தது. கணினிகளுக்கு இடையில் கம்பியில்லாமல் தரவை வேகமாக அனுப்புவதற்கென்று உருவாக்கப்பட்டது. வேகம்தான் அதன் பலம், அந்த வேகத்துக்கு மின்சாரம் வேண்டும். மலிவான வைஃபை பிளக், மின்குமிழ் பலவற்றுக்குள் இருப்பது 2014இல் வந்த இஎஸ்பி8266 போன்ற சிப்தான். செய்தி அனுப்பும் நொடியில் அது 170 மில்லிஅம்பியர் வரை இழுக்கும். கதவில் ஒட்டும் சென்சாருக்குள் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியால் அவ்வளவு மின்னோட்டத்தைக் கொடுக்கவே முடியாது. அதனால்தான் வைஃபை கதவு சென்சார்கள் பெரிய பேட்டரியோடு வருகின்றன, அப்படியிருந்தும் சில மாதங்களில் தீர்ந்துவிடுகின்றன. சுவரில் செருகியே இருக்கும் பிளக்குக்கு இது பிரச்சினையில்லை. ஆனால் ஒவ்வொரு வைஃபை பிளக்கும் உங்கள் ரவுட்டரோடு நேரடியாகப் பேச வேண்டும். நான்காம் தலைமுறை சிம் போட்ட சின்ன ரவுட்டரில் இருபது முப்பது சாதனங்களை ஏற்றி, அதன் மேல் விருந்தினர்களின் கைபேசிகளும் சேர்ந்தால் அது திணறும்.

இந்த வகைச் சாதனங்களை முதலில் இணைக்கும்போது வரும் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதில் மாட்டி, சாதனம் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சின்னச் சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். உங்கள் கைபேசி ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இருந்தால் சில செயலிகள் இணைக்க மறுக்கும். ரவுட்டரில் இரண்டு பட்டைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, இணைக்கும் நேரத்துக்கு மட்டும் கைபேசியை 2.4க்கு மாற்றிப் பாருங்கள்.

இனி ஜிக்பீ. இது 2003இல் வந்த 802.15.4 என்ற ரேடியோ தரத்தின் மேல் கட்டப்பட்டது. இதை வளர்த்த கூட்டமைப்பு 2002இல் தொடங்கியது. 2021இல் தன் பெயரை கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ் என்று மாற்றிக்கொண்டது. இதன் வேகம் நொடிக்கு 250 கிலோபிட் மட்டுமே. படம் பார்க்க முடியாது, பாட்டுக் கேட்க முடியாது. ஆனால் "கதவு திறந்தது", "வெப்பம் 14 பாகை" என்று சொல்ல அதற்கு மேல் எதற்கு?

ஒரு கதவு சென்சார் உள்ளே என்ன செய்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். நாளின் பெரும்பகுதி அது உறங்குகிறது; அப்போது அது இழுப்பது சில மைக்ரோஅம்பியர் மட்டுமே. கதவு திறந்து காந்தம் விலகியதும் விழிக்கிறது, சில மில்லிநொடிகளில் ஒரு சின்னச் செய்தியை அனுப்புகிறது, கிடைத்தது என்ற பதிலைக் கேட்கிறது, மறுபடி உறங்கிவிடுகிறது. எந்நேரமும் விழித்திருக்கும் வேலை சென்சாருக்கு இல்லை, அதன் பக்கத்தில் சுவரில் செருகியிருக்கும் பிளக்குக்குத்தான். அந்தப் பிளக் செய்தியை வாங்கி அடுத்த பிளக்குக்குக் கொடுக்கிறது, அது ஹப்புக்குக் கொடுக்கிறது. பீலியில் இருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது போலத்தான் இதுவும். சென்சாருக்கு ஏதாவது செய்தி வந்தால், அது விழிக்கும் வரை அந்தப் பிளக்கே பத்திரமாக வைத்திருக்கும். இதனால்தான் ஒரு காசு பேட்டரியில் நல்ல சென்சார் ஒன்று ஓராண்டு, ஈராண்டு ஓடுகிறது.

கருங்கல் வீட்டுக்கு ஜிக்பீயைப் பரிந்துரைக்க இந்தக் கைமாற்றுதான் காரணம். சுவரைத் துளைக்க வேண்டியதில்லை; சுவரைச் சுற்றிப் போனால் போதும். ஹப்பை முன் மண்டபத்தில் வையுங்கள். குசினிக்குப் போகும் கதவுக்கு நேராக ஒரு ஜிக்பீ பிளக், குசினியில் இன்னொன்று, விருந்தினர் அறைப் பக்கம் பார்க்கும் ஜன்னலுக்குக் கீழே ஒன்று, அந்த அறைக்குள் ஒன்று. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கைமாற்றும் வேலையைச் செய்பவை எந்நேரமும் மின்சாரத்தில் இருக்கும் சாதனங்கள் மட்டுமே. பேட்டரி சென்சார்களை வீடு நிறைய ஒட்டினாலும் அவை ஒன்றின் செய்தியை மற்றொன்று தூக்காது.

இங்கேதான் விருந்தினர் அறை உள்ள வீடுகள் தடுக்கி விழுகின்றன. ஜிக்பீ மின்குமிழும் செய்தியைக் கைமாற்றும். ஆனால் தங்க வந்தவர் படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டால் குமிழுக்கு மின்சாரம் இல்லை. அதை நம்பியிருந்த சென்சார்களும் தொடர்பு இழக்கும். அவர்மேல் தவறில்லை, சுவிட்ச் இருப்பதே தட்டுவதற்குத்தான். எனவே அந்த அறைகளில் அறிவுள்ள குமிழ் வேண்டாம். சாதாரண எல்இடி குமிழ் போட்டு, சுவிட்ச் பெட்டிக்குள் ஜிக்பீ சுவிட்ச் மொடியூல் வையுங்கள். சுவரில் கையாலும் போடலாம், கைபேசியாலும் போடலாம். ஹப் செத்துப்போனாலும் விளக்கு எரியும். எந்தத் தரத்தை வாங்கினாலும் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: இருட்டில் எழுந்து வரும் வயதான ஒருவர் சுவரில் தட்டினால் விளக்கு எரிய வேண்டும்.

மொடியூல் வாங்கும் முன் ஒரு மின்னியலாளரை அழைத்துச் சுவிட்ச் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். பழைய வயரிங்கில் சுவிட்ச் வரைக்கும் நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி, வராது. நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் மொடியூல்களும் கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை செய்தியைக் கைமாற்றுவதில்லை. அப்படியான வீட்டில் கைமாற்றும் வேலையை முழுக்கப் பிளக்குகளிடம் விட்டுவிட வேண்டும்.

வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் ஒன்றையொன்று மிதிக்காதா என்று கேட்பீர்கள். மிதிக்கும், தடுக்கவும் முடியும். வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என்று மூன்று. அவற்றின் நடுப்புள்ளிகள் 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை பதினாறு அலைவரிசைகள். எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஜிக்பீயின் 11 இருப்பது 2405இல், அதாவது வைஃபையின் 1 பரவும் இடத்துக்குள்ளேயே. ஹப் மென்பொருள்களில் சில, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அந்த 11ஐத்தான் எடுத்துக்கொள்கின்றன. ரவுட்டரை வைஃபை 1இல் நிறுத்தி, ஜிக்பீயை 2475 மெகாஹெர்ட்ஸில் உள்ள 25க்குக் கொண்டுபோங்கள். இரண்டும் நன்றாக விலகி நிற்கும். 26 இன்னும் விலகியிருக்கிறது, ஆனால் சில சாதனங்கள் அதில் குறைந்த சக்தியில்தான் பேசும். ரவுட்டரில் 2.4க்கு 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் போட்டிருந்தால் 20ஆகக் குறையுங்கள். இதையெல்லாம் முதல் நாளே செய்ய வேண்டும். பிறகு அலைவரிசையை மாற்றினால் சில சாதனங்களை மறுபடி ஒவ்வொன்றாக இணைக்க நேரும்.

ஹப்பாக ஒரு சிறு கணினியைப் பயன்படுத்துவதானால், ஜிக்பீ ஸ்டிக்கை (ஜிக்பீ ரேடியோ உள்ள சின்ன யுஎஸ்பி சாதனம்) நேராக அதில் செருகாமல் ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 துறைகள் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்புகின்றன. சென்சார்கள் காரணமில்லாமல் அறுந்துபோகின்றன என்று வரும் முறைப்பாடுகளில் பல இந்த ஒரு கம்பியோடு தீர்ந்துவிடுகின்றன.

இசட்-வேவ் என்ற இன்னொரு வீட்டுச் சாதன ரேடியோவையும் கடையில் பார்க்கலாம். அதுவும் நல்ல தரம்தான், 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடுவதால் சுவரையும் ஓரளவு நன்றாகக் கடக்கும். ஆனால் அதன் அதிர்வெண் நாட்டுக்கு நாடு மாறுகிறது: ஐரோப்பாவில் 868, அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. வெளிநாட்டு உறவினர் வாங்கி வரும் சாதனங்களில்தான் இது தலைவலி. கனடாவில் இருந்து வரும் பிளக் 120 வோல்ட்டுக்குச் செய்தது; நமது 230 வோல்ட்டில் அதைச் செருகவே கூடாது. இங்கிலாந்திலும் டுபாயிலும் கட்டாரிலும் விற்பவை நம் நாட்டின் 13 அம்பியர் சதுரக் கால் பிளக்கோடு ஒத்துப்போகும், ஜிக்பீயின் 2.4 கிகாஹெர்ட்ஸும் எல்லா நாட்டிலும் ஒன்றே. யாராவது வளைகுடாவில் இருந்து வருவதாக இருந்தால் ஜிக்பீ பிளக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அண்ணன் சொன்ன மேட்டருக்கு வருவோம். மேட்டர் தனியான ஒரு ரேடியோ இல்லை. வைஃபை, த்ரெட், கம்பி வலையமைப்பு ஆகியவற்றின் மேல் ஓடும் பொது நெறிமுறை அது. வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்கள் ஒரே செயலியில் சேர வேண்டும் என்று 2019 டிசம்பரில் அறிவித்த திட்டம். முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. முதல் தடவை இணைக்கும்போது மட்டும் பெரும்பாலும் புளூடூத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். மேட்டரில் எனக்கு மிகவும் பிடித்தது, கட்டளை இணையத்துக்குப் போய்த் திரும்பாமல் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே ஓட வேண்டும் என்று அது வகுக்கப்பட்டிருப்பது. ஆகவே மேட்டர் என்ற சொல்லைப் பெட்டியில் பார்த்தால் அதோடு நிறுத்தாமல், பக்கத்தில் வைஃபை என்று இருக்கிறதா, த்ரெட் என்று இருக்கிறதா என்று தேடுங்கள். வைஃபை என்றால் மேலே சொன்ன பேட்டரிக் குறையும் ரவுட்டர் நெருக்கடியும் அப்படியே பொருந்தும்.

த்ரெட் என்பது ஜிக்பீ ஓடும் அதே 802.15.4 ரேடியோவில், ஐபி முகவரியோடு ஓடும் வலை. அதை வளர்க்கும் குழு 2014இல் தொடங்கியது. அதுவும் கைமாற்றும், அதுவும் பேட்டரியைச் சேமிக்கும். அதை வீட்டு வலையமைப்போடு இணைக்க எல்லை ரவுட்டர் என்ற ஒரு சாதனம் வேண்டும். சில புதிய ஒலிபெருக்கிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் அது உள்ளேயே வருகிறது. நீண்ட காலம் ஒவ்வொரு நிறுவனத்தின் எல்லை ரவுட்டரும் தனித்தனி த்ரெட் வலையைக் கட்டிக்கொண்டிருந்தன. 2024இல் வந்த த்ரெட் 1.4 பதிப்பு அதைச் சரிசெய்யும் வழியைக் கொடுத்தது, அது எல்லாச் சாதனங்களுக்கும் வந்துசேரக் காலமெடுக்கும். இன்று ஒரு ஜிக்பீ ஸ்டிக் வாங்கினால் நிறைய வகைச் சாதனங்கள் மலிவாகக் கிடைக்கும். ஹப்பில் மேட்டர் வசதி இருந்தால், பின்னால் எல்லை ரவுட்டர் ஒன்றோடு த்ரெட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். அண்ணனின் ஆலோசனை தவறில்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் உங்கள் குசினிக்கு இப்போதைக்கு ஒன்றும் வந்துசேராது.

ஹப் ஏன் வீட்டுக்குள் இருக்க வேண்டும்? மலைநாட்டில் இணையமும் மின்சாரமும் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இப்போதும் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் போதும். மலிவான வைஃபை பிளக்குகள் பல, வெளிநாட்டுக் கணினி ஒன்றைக் கேட்டுத்தான் உங்கள் விளக்கைப் போடுகின்றன. தொடர்பு அறுந்தால் செயலி வெறும் படம். ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மூல மென்பொருளை ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் போட்டால் எல்லாம் வீட்டுக்குள் முடிந்துவிடும். மின்வெட்டுக் காலத்தில் நாடெங்கும் விற்பனையான சின்ன டிசி யுபிஎஸ் ஒன்றை ரவுட்டருக்கும் ஹப்புக்கும் சேர்த்துப் போடுங்கள். மின்சாரம் திடீர் திடீரென்று போய்வரும்போது மெமரி கார்டில் உள்ள தகவல் கெட்டுப்போகும். முடிந்தால் தகவலை எஸ்எஸ்டி என்ற சேமிப்புத் தட்டில் வையுங்கள்.

மின்சாரம் திரும்பும்போது குமிழ்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். இயல்பாகப் பல குமிழ்கள் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். நடு இரவில் மின்சாரம் வந்தால் வீடே விழித்துக்கொள்ளும். "முன்பிருந்த நிலைக்குத் திரும்பு" என்ற தெரிவு பல ஜிக்பீ சாதனங்களில் உண்டு.

எந்தத் தரமானாலும் பாரத்தைக் கவனியுங்கள். 13 அம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 வாட். நம் குளிருக்கு எல்லோரும் போடும் உடனடி நீர்ச் சூடாக்கிகள் பல அதைத் தாண்டும். அவற்றை ஒருபோதும் இந்தப் பிளக்குகளில் செருக வேண்டாம். தண்ணீர் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதற்கு மின்னியலாளரைக் கொண்டு கொன்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின் சுவிட்ச்) ஒன்று போட்டு, அதைச் சுவிட்ச் மொடியூலால் இயக்குங்கள். வீட்டுக்கும் விருந்தினர் அறைக்கும் இடையில் வெட்டவெளியில் செம்பு வலையமைப்புக் கம்பியை இழுப்பதையும் நான் விரும்பவில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் மலைகளில் விழும் இடிக்கு அது நல்ல பாதை. அங்கே கமரா வைக்க வேண்டுமானால் ஃபைபர் கம்பியோ, ஜன்னல் பக்கம் வைத்த இன்னொரு வைஃபை முனையோ போதும்.

கடைசியாகத் தாங்கி. அங்கேதான் வேலை கடினம். இறவாரத்தில் இருந்து தாங்கி நேராகக் கண்ணில் தெரிந்தால், இறவாரத்துக்குக் கீழே நனையாத பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு ஜிக்பீ கைமாற்றி வைத்துப் பாருங்கள். சில பத்து மீட்டர் எட்டும். நடுவில் நிழல் மரங்களோ மண்மேடோ இருந்தால் லோரா என்ற வேறொரு ரேடியோதான் வழி. அது சில பைட்டுகளை மட்டும் மிக மெதுவாக, கிலோமீட்டர் கணக்கில் அனுப்பும். அதை வாங்கும் முன், அந்த அதிர்வெண் இங்கே அனுமதிக்கப்பட்டதா என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மட்டத்தை அளக்க மீயொலி சென்சார் வாங்கச் சொல்வார்கள். உங்கள் குளிரில் தாங்கி மூடியின் உட்புறம் நீர்த்துளிகள் படியும், சென்சாரின் முகத்திலும் படியும்; அதன் பிறகு அது சொல்லும் கணக்கை நம்ப முடியாது. அதற்குப் பதில் சாதாரண மிதவை சுவிட்ச் ஒன்றைத் தாங்கியின் கால்வாசி உயரத்தில் பொருத்தி, அதன் இரண்டு கம்பிகளை ஒரு ஜிக்பீ கதவு சென்சாருக்குள் இருக்கும் காந்த சுவிட்சின் இரு முனைகளிலும் பற்றவைத்துவிடலாம். ரேடியோ பழுதுபார்ப்பவர் எவரும் செய்துகொடுப்பார். சென்சாரைத் தாங்கிக்கு வெளியே, அடியில் சிறு துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். தண்ணீர் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் கதவு நிலை மாறியதாக ஹப்புக்குச் செய்தி வரும்; அதன் பெயரை "தாங்கியில் தண்ணீர் குறைவு" என்று மாற்றி வைத்துக்கொண்டால் போதும்.